மோட்டார் கற்க சீலிங் ஃபேனில் தொடங்குங்கள்

ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ மின் எந்திரப் பாடத்தைப் பெரும்பாலும் டி.சி. ஜெனரேட்டரில்தான் ஆரம்பிக்கிறார்கள். லேப் வைண்டிங், வேவ் வைண்டிங், ஆர்மேச்சர் ரியாக்‌ஷன் என்று முதல் மாதத்திலேயே தலை கிறுகிறுத்துவிடும். வாடிப்பட்டியில் இருந்தோ உசிலம்பட்டியில் இருந்தோ பஸ் ஏறிப் படிக்க வருகிற பிள்ளை தன் ஊரில் டி.சி. ஜெனரேட்டரைக் கண்ணால் பார்த்திருக்காது. அது பார்த்ததெல்லாம் சீலிங் ஃபேன், மிக்ஸி, கிணற்று மோட்டார், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், இப்போது கொஞ்ச நாளாக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். அதனால் இங்கே வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறேன். வீட்டில் தொங்குவதில் தொடங்கி, தோட்டத்துக்குப் போய், அப்புறம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, கடைசியில் புதிய வகைகளுக்கு வருவோம்.

எந்த மோட்டார் கையில் கிடைத்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இதற்குள்ளே காந்தப்புலத்தை மாற்றி மாற்றிச் சுற்ற வைப்பது எது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் அந்த மோட்டாரில் என்ன கெட்டுப்போகும், எதைச் சோதிக்க வேண்டும், வேகத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்பதெல்லாம் தானாகவே பிடிபடும். பழைய மோட்டாருக்கும் புதிய மோட்டாருக்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இயற்பியல் எவ்வளவு வேண்டும் என்றால், தொடங்குவதற்கு இரண்டே உண்மை போதும். கம்பியில் கரண்ட் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். 1820-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் திசைகாட்டி முள் அசைவதை வைத்துக் கண்டது இது. ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் அந்தச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும்; இது 1831-ல் ஃபாரடே கண்டது. நம் ஊரில் அதிகமாக ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாரில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெளியே நிற்கும் ஸ்டேட்டரில் காந்தப்புலம் சுற்றுகிறது, அதனால் உள்ளே இருக்கும் ரோட்டாரில் மின்னழுத்தம் தோன்றிக் கரண்ட் ஓடுகிறது, அந்தக் கரண்ட் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி ஸ்டேட்டரின் புலத்தைத் துரத்திக்கொண்டே போகிறது. ரோட்டாருக்கு வெளியே இருந்து ஒரு வயர்கூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்க உரசிக்கொண்டிருக்கும் பிரஷ் இல்லை, தேய்வதற்கு பேரிங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மோட்டார் உலகை ஓட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

கையில் என்ன வேண்டும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட், ஸ்பேனர், ஒரு சீரிஸ் லாம்ப் (ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு போட்டு நீங்களே கட்டிக்கொள்ளலாம்), கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு டாங் டெஸ்டர், அதாவது வயரை வெட்டாமல் அதைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர். மதுரையில் டவுன் ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் விசாரித்தால் எல்லாமே கிடைக்கும். மீட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், விலை மலிவான மீட்டர் 415 வோல்ட் லைனில் கையிலேயே வெடிக்கக்கூடும். அதில் கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்பு வகை போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் பழைய இரும்புக் கடையில் ஓடாத சீலிங் ஃபேன் ஒன்று, மிக்ஸி ஒன்று. பிரித்துப் போடுவதற்குத்தான்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன், இதில் விளையாட்டு வேண்டாம். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீட்டரை வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே தொடுங்கள். கெபாசிட்டர் இருந்தால், கரண்ட் போன பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், சீரிஸ் லாம்ப்பை அதன் இரண்டு முனையிலும் தொட்டு இறக்கிவிடுங்கள். மூன்றாவது, ஊரில் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனால் மேலே வரும் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. ஸ்விட்சை இழுத்துவிட்டுத் தாங்களே ஏறிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நீங்கள் போகவே கூடாது. எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் கீழ்ப்பக்கத்தில் இருந்து வரும் மின்சாரம் அந்த டிரான்ஸ்ஃபார்மரிலேயே மேல்நோக்கி 11,000 வோல்ட்டாக எழும்பும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்து லைன்மேனை வரவையுங்கள், ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை.

முதல் மோட்டார்: சீலிங் ஃபேன்

ஃபேனைக் கழற்றித் தரையில் வைத்துப் பிரியுங்கள். மற்ற மோட்டார்களுக்குத் தலைகீழாக, இதில் வைண்டிங் (கம்பிச் சுருள்) இருக்கும் ஸ்டேட்டர் நடுவில் நிற்கும், ரோட்டார் வெளி ஓடாகச் சுற்றும், இறக்கை அதில்தான் மாட்டியிருக்கும். ஸ்டேட்டரில் இரண்டு வரிசையாகச் சுருள்கள் தெரியும்: ஒன்று ரன்னிங், இன்னொன்று ஸ்டார்ட்டிங். வெளியே வருவது மூன்று வயர்.

வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரே ஒரு பேஸால் உண்டாகும் காந்தப்புலம் சுற்றாது, அதே இடத்தில் நின்று முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சுற்ற வேண்டுமென்றால் வேறொரு கோணத்தில், கொஞ்சம் முன்னாலேயே உச்சத்தைத் தொடும் இரண்டாவது புலம் ஒன்று வேண்டும். அதைத் தருவதுதான் கெபாசிட்டரின் வேலை. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு தொடராக நிற்கும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அந்தச் சுருளில் ஓடும் கரண்டை முன்னால் தள்ளிவிடுகிறது. நம் கேள்விக்கு முதல் விடை கிடைத்துவிட்டது: ஃபேனில் புலத்தைச் சுற்ற வைப்பது கெபாசிட்டர்.

இது தெரிந்தால் பாதி ரிப்பேர் முடிந்தது. உம் என்று சத்தம் வருகிறது, ஓடவில்லை, கையால் தள்ளினால் தள்ளிய பக்கம் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் ஸ்டார்ட்டிங் பக்கம் செத்துவிட்டது, முதலில் கெபாசிட்டரை மாற்றுங்கள். ஓடுகிறது, ஆனால் வேகம் இல்லை என்றாலும் பெரும்பாலும் அதுதான், 2.5 என்று போட்டிருக்கும் கெபாசிட்டர் காலப்போக்கில் 1.5-க்கு இறங்கியிருக்கும். ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றினால் கெபாசிட்டர் தவறான வைண்டிங்கில் சேர்ந்திருக்கிறது. எந்த வயர் எது என்று தெரியவில்லையென்றால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து மூன்று ஜோடிகளையும் அளந்து பாருங்கள். அதிக ஓம்ஸ் காட்டும் ஜோடிக்கு வெளியே இருக்கும் வயர் காமன். அந்தக் காமனில் இருந்து குறைவாகக் காட்டுவது ரன்னிங், அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங். பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும், வராவிட்டால் இரண்டு வைண்டிங்கும் எங்கோ ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கலாம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, மனப்பாடம் செய்துவிடுங்கள். 120-ஐ ஹெர்ட்ஸால் பெருக்கி, போல்களின் (காந்த முனைகளின்) எண்ணிக்கையால் வகுத்தால் புலம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது வரும். ஃபேனில் ரன்னிங் சுருள்களை எண்ணுங்கள், 14 இருந்தால் 14 போல். 6000-ஐ 14-ஆல் வகுத்தால் 428. ஆனால் ஃபேன் ஓடுவது 380 பக்கம்தான். அந்த வித்தியாசத்துக்கு ஸ்லிப் என்று பெயர். ரோட்டார் புலத்தைத் துரத்துகிறதே தவிர எட்டிப்பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் புலம் அதற்கு மாறாதது போலாகி, ரோட்டாரில் கரண்ட் நின்று, இழுவையும் நின்றுவிடும்.

மிக்ஸியில் சீக்கிரம் முடித்துக்கொள்வோம்

மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார், நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கும் மேலே போகும். மேலே சொன்ன கணக்குப்படி 50 ஹெர்ட்ஸில் இண்டக்‌ஷன் மோட்டார் 3000-ஐத் தாண்டவே முடியாது என்பதால்தான் மிக்ஸிக்கு வேறு வகை தேவைப்பட்டது. இதில் புலத்தை மாற்றுவது அச்சில் வளையமாக இருக்கும் செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டரும் அதில் உரசும் கார்பன் பிரஷும்: சுற்றும் பாகமான ஆர்மேச்சர் சுற்றச் சுற்ற, எந்தச் சுருளுக்குக் கரண்ட் போக வேண்டும் என்பதைத் தேய்ந்துகொண்டே மாற்றிவிடுகின்றன. ஏ.சி.யில் திசை மாறும்போது நிற்கும் சுருளான ஃபீல்டிலும் ஆர்மேச்சரிலும் ஒரே நேரத்தில் மாறுவதால் சுற்றும் திசை மாறாது, அதனால் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும். கையில் பிடிக்கும் டிரில்லிங் மெஷினிலும் கிரைண்டிங் மெஷினிலும் இதே மோட்டார்தான். தீப்பொறி அதிகமாக வந்தால் பிரஷைப் பாருங்கள், கால் அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், கம்யூட்டேட்டரை மெல்லிய ஜீரோ நம்பர் உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள். அடியில் இருக்கும் சிவப்பு பட்டன் ஓவர்லோடு டிரிப், மாவு இறுகி நின்றுபோன மிக்ஸியை அதை அழுத்தித்தான் மீட்க வேண்டும்.

தோட்டத்து மோட்டார்: இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்

மேலூர், சோழவந்தான், அலங்காநல்லூர், திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் மின்மோட்டாரால் உயிர்வாழும் நிலம்தான். நெல்லோ வாழையோ, தண்ணீர் வேண்டிய நாளில் மோட்டார் எரிந்துபோனால் விவசாயிக்கு ரீவைண்டிங் செலவோடு பயிரும் போகும். ஆழ்குழாயில் இறக்கிய சப்மெர்சிபிள் என்றால் ஏற்றி இறக்கும் கூலி தனி. எரிந்த மோட்டார்களில் பெரும்பகுதி எரிந்திருக்க வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படியுங்கள். உதாரணத்துக்கு 5 எச்.பி., 3.7 கிலோவாட், 415 வோல்ட், 7.5 ஆம்பியர், 2880 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. ஒரு எச்.பி. என்பது 746 வாட். 2880 என்பதைப் பார்த்ததும் இரண்டு போல், புலம் 3000-ல் சுற்றுகிறது, ஸ்லிப் 4 சதவீதம் என்று சொல்லத் தெரிய வேண்டும். 1440 என்றிருந்தால் நான்கு போல். 3.7 கிலோவாட் என்பது ஷாஃப்ட்டில் கிடைக்கும் சக்தி. லைனில் இருந்து இழுப்பது அதைவிட அதிகம், திறன் 85 சதவீதம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 4.35 யூனிட். இந்தத் தகட்டில் எனக்கு முக்கியம் ஆம்பியர். டாங் டெஸ்டரால் மூன்று பேஸையும் தனித்தனியாகப் பார்த்து, மூன்றும் ஏறத்தாழ சமமாக, தகட்டில் இருப்பதைத் தாண்டாமல் இருந்தால் அந்த மோட்டார் நலமாக இருக்கிறது.

மூன்று பேஸ் வரும் இடத்தில் கெபாசிட்டர் தேவையில்லை. ஒவ்வொரு பேஸும் ஒன்றுக்கொன்று ஒரு சைக்கிளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பின்தங்கி வருவதால், மூன்று சுருளில் அவற்றைக் கொடுத்தாலே புலம் தானாகச் சுற்றும். இங்கே நம் கேள்விக்கு விடை, லைனே. திசையை மாற்ற ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் போதும். இது சும்மா தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் மட்டுமல்ல: லைனில் ஏதாவது வேலை நடந்த பிறகு மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம், அப்போதும் பம்ப் கொஞ்சம் தண்ணீர் தரும், ஆழ்குழாயில் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் திடீரென்று குறைந்தால் கிணறு வற்றிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இரண்டு வயரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து ஸ்டார்ட்டர். மோட்டார் நிற்கும்போது ரோட்டார் நகராததால் புலம் அதை முழு வேகத்தில் வெட்டுகிறது, செகண்டரியை ஷார்ட் செய்த டிரான்ஸ்ஃபார்மர் போன்ற நிலை அது, அதனால் கிளம்பும் நேரத்தில் ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன மோட்டாருக்கு நேரடியாகக் கொடுக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போதும். பெரிய மோட்டாருக்கு ஸ்டார் டெல்டா. கிளம்பும்போது சுருள்களை ஸ்டாரில் (மூன்றின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்த்து) போட்டால் லைனில் இருந்து இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிறது, இழுவையும் மூன்றில் ஒரு பங்காகிறது. வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு (மூன்றையும் முனையோடு முனை முக்கோணமாகச் சேர்ப்பதற்கு) மாற்றிவிடுவோம். அதனால் மோட்டாரில் இருந்து ஆறு வயர் வெளியே வரும்.

ஸ்டார்ட்டருக்குள் இரண்டு பாகம் மோட்டாரைக் காப்பாற்றுகின்றன. ஒன்று நோ வோல்ட் காயில், கரண்ட் போனால் தொடர்பை விட்டுவிடும், திரும்ப வரும்போது மோட்டார் தானாக எழும்பாது. இன்னொன்று ஓவர்லோடு ரிலே. இதில் ஒரு திருகுக் குமிழ் இருக்கும், அதை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். ஸ்டார் டெல்டாவில் ரிலே சுருளோடு தொடராக இருந்தால் தகட்டு ஆம்பியரில் 58 சதவீதத்துக்கு. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று சொல்லி அந்தக் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருப்பதையும், நோ வோல்ட் காயிலைக் குச்சி வைத்து அழுத்திக் கட்டியிருப்பதையும் ஊர் ஊராகப் பார்க்கலாம். டிரிப் ஆவதை நிறுத்த வேண்டுமென்றால் அது ஏன் டிரிப் ஆகிறது என்று தேடுங்கள், ரிலேயைக் கட்டிப்போடுவது மோட்டாரைக் கொல்வதற்குச் சமம்.

சரி, ஏன் எரிகிறது? முதல் எதிரி சிங்கிள் பேஸிங். மூன்றில் ஒரு பேஸ் போய்விட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது, மீதி இரண்டில் ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்டை இழுத்துக்கொண்டு ஓடும், சுருள் சூடேறி எரியும். மூன்று பேஸ் வராத நேரத்தில் கெபாசிட்டரை வைத்து இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டுவதிலும் இதே சங்கடம் இருக்கிறது, மூன்று சுருளுக்கும் கரண்ட் சமமாகப் போகாது. வேறு வழியில்லாமல் செய்கிறார்கள் என்பது புரிகிறது, ஆனால் டாங் டெஸ்டரை வைத்து மூன்று வயரிலும் தகட்டு ஆம்பியரைத் தாண்டவில்லை என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது. ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்றை ஸ்டார்ட்டரில் சேர்ப்பது ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை, புது மோட்டார் போடும்போதே போட்டுவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது எதிரி லோ வோல்டேஜ். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 415 இருக்க வேண்டிய இடத்தில் 350 வந்தால் இழுவை 71 சதவீதம்தான் கிடைக்கும், ஆனால் மேலே ஏற்ற வேண்டிய தண்ணீரின் எடை குறையவில்லை, எனவே ஸ்லிப் கூடி, கரண்ட் கூடி, சூடு கூடும். வைண்டிங்கின் இன்சுலேஷனுக்கு வெப்ப வகுப்பு உண்டு: பி என்றால் 130 டிகிரி செல்சியஸ், எஃப் என்றால் 155. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு.

எரிந்த மோட்டாரைத் திறந்தால் அதுவே காரணத்தைச் சொல்லும், புதியவர்கள் பழக வேண்டிய நல்ல பாடம் இது. எல்லாச் சுருளும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ் அல்லது பம்ப் இறுகி நின்றது. ஸ்டாரில் கட்டிய மோட்டாரில் இரண்டு பேஸ் சுருள்கள் கறுத்து ஒன்று புதிதாகப் பளபளத்தால் சிங்கிள் பேஸிங்; டெல்டாவில் கட்டியதென்றால் அதற்கு நேர்மாறாக ஒரு பேஸ் மட்டும் கறுத்து இரண்டு நன்றாக இருக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி உருகியிருந்தால் அங்கே இன்சுலேஷன் கிழிந்திருக்கிறது. ரீவைண்டிங் கடையில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் காயில் கட்டுவதைப் பார்ப்பதோடு, வந்து இறங்கும் ஒவ்வொரு எரிந்த மோட்டாரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் வைண்டிங்கை மட்டும் கட்டிக் கொடுத்தால் அடுத்த மாதம் அதே மோட்டார் திரும்பி வரும்.

ஓடாத மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரான மெக்கரை வைத்துப் பாருங்கள். 500 வோல்ட் மெக்கரில் சுருளுக்கும் பாடிக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். மழையில் நனைந்ததால் குறைவாகக் காட்டினால் பல்பு வெப்பத்தில் காயவைத்துத் திரும்பப் பாருங்கள். தண்ணீர் நிரப்பும் வகை சப்மெர்சிபிள் என்றால் இறக்குவதற்கு முன்னால் மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் முழுக்க நிரப்பியாக வேண்டும், அதன் பேரிங்குக்கு மசகும் அதுதான், குளிர்ச்சியும் அதுதான். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினால் சில நிமிடங்களில் பேரிங் போய்விடும்.

கம்பத்தில் தொங்குவதும், அணையில் சுற்றுவதும்

டிரான்ஸ்ஃபார்மரில் எதுவும் சுற்றாது, ஆனால் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது உண்மையை, ஃபாரடே கண்டதை, அதைவிடத் தெளிவாகக் காட்டும் எந்திரம் இல்லை. ஊர்க் கம்பத்தில் இருப்பது 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது; ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250, லைன் நீள நீளக் குறைந்து உங்கள் வீட்டுக்கு வரும்போது 230 பக்கம் வரும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பேஸுக்கு 133 ஆம்பியர் தரும். 5 எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு 7.5 ஆம்பியர் என்று வைத்தால் அதில் எத்தனை மோட்டார் தாங்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் லோ வோல்டேஜ் ஏன் வருகிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடும்.

ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டுமானால் நம் தண்ணீர் வரும் வழியிலேயே மேலே போங்கள். முல்லைப்பெரியாறு நீர் தேக்கடியில் இருந்து சுரங்க வழியாக வந்து, மலையில் இருந்து குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையத்தின் எந்திரங்களைச் சுற்றுகிறது. அப்புறம் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, 1959-ல் திறந்த வைகை அணைக்கு வந்து, அங்கேயும் ஒரு சிறிய மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு, கால்வாய் வழியாக மேலூர் வரை பாய்கிறது. இந்த எந்திரங்களில் சுற்றுவது காந்தம், மின்சாரம் எடுப்பது நிற்கும் சுருளில். கிரிட்டின் 50 ஹெர்ட்ஸோடு அச்சுப் பிசகாமல் ஒத்துச் சுற்றுவதால் இவற்றுக்கு சிங்க்ரனஸ் என்று பெயர், ஸ்லிப் கிடையாது. ஆண்டிபட்டி பக்கம் நிற்கும் காற்றாலைகளையும் பார்த்திருப்பீர்கள். பழைய வகைக் காற்றாலைகள் பலவற்றில் இருப்பது நம் கிணற்று மோட்டாரின் அண்ணன்தான்: நான்கு போல் இண்டக்‌ஷன் மோட்டாரைக் காற்று 1500-க்கு மேலே தள்ளினால் அது லைனில் இருந்து இழுப்பதை நிறுத்தி, லைனுக்குத் தர ஆரம்பிக்கிறது.

புதியவை: சுற்ற வைக்கும் வேலையை எலெக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கொண்டது

இப்போது நம் கேள்விக்கு நான்காவது விடை வருகிறது. பி.எல்.டி.சி., அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் உள்ள ஃபேனில் ரோட்டார் நிரந்தரக் காந்தம். உள்ளே ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கி, ரோட்டார் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, சரியான சுருளுக்குச் சரியான நேரத்தில் கரண்டை மாற்றிக் கொடுக்கிறது. மிக்ஸியில் கம்யூட்டேட்டர் தேய்ந்து தேய்ந்து செய்த அதே வேலை, இங்கே தேய்மானம் இல்லாமல் நடக்கிறது. ரோட்டாரில் கரண்டை உண்டாக்கிச் சூடாக்க வேண்டியதில்லை என்பதால் 75 வாட் எடுத்த ஃபேனுக்குப் பதில் 30 வாட் போதும். மதுரை வெயிலுக்கு ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடுவது சாதாரணம்; ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட், இரண்டு மாத பில்லில் 32 யூனிட் மிச்சம். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரோடு இதை இணைக்காதீர்கள், போர்டு கெட்டுப்போகும், நேராக ஸ்விட்சில் கொடுங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இதே குடும்பம்தான். சிலவற்றில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் நடுவில் இருந்து பெல்ட்டோ செயினோ ஓட்டும். ரோட்டாரின் இடத்தைச் சொல்ல பெரும்பாலும் காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள். வண்டி உதறுகிறது, கிளம்பத் தடுமாறுகிறது என்றால் முதல் சந்தேகம் சென்சார் அல்லது அதன் கனெக்டர் மேல். கோளாறு மோட்டாரிலா, அதற்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எலெக்ட்ரானிக் பெட்டியான கன்ட்ரோலரிலா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, மோட்டாரின் மூன்று தடித்த வயர்களையும் கன்ட்ரோலரில் இருந்து கழற்றி, ஒன்றோடொன்று படாமல் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், லேசாகச் சுற்ற வேண்டும். இரண்டு வயரைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் பிரேக் பிடித்தது போல் இறுகும், மூன்று ஜோடியிலும் ஒரே அளவு இறுக வேண்டும். வயர்கள் தனித்தனியாக இருக்கும்போதே இறுகினால் சுருள் உள்ளே ஷார்ட். மூன்றும் ஒழுங்காக இருந்தால் கன்ட்ரோலரைப் பாருங்கள்.

மில்லிலும் பேக்டரியிலும் நீங்கள் கட்டாயம் சந்திக்கப் போவது வி.எஃப்.டி. (வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ்). இது மோட்டாரை மாற்றுவதில்லை, அதே இண்டக்‌ஷன் மோட்டாருக்குக் கொடுக்கும் ஹெர்ட்ஸை மாற்றுகிறது. நான்கு போல் மோட்டாருக்கு 50-க்குப் பதில் 40 கொடுத்தால் புலம் 1500-க்குப் பதில் 1200-ல் சுற்றும். வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்துக் கொடுக்கும், இல்லாவிட்டால் இரும்பு காந்தத்தால் நிரம்பிக் கரண்ட் எகிறும். ஃபேன், சுழற்சிப் பம்ப் போன்றவற்றில் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால் 80 சதவீத வேகத்துக்குப் பாதி சக்தி போதும். ஆழ்குழாயில் இவ்வளவு லாபத்தை எதிர்பார்க்காதீர்கள், அங்கே தண்ணீரை மேலே தூக்கும் உயரம் வேகத்தோடு குறைவதில்லை. கப்பலூர் தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் வேலைக்குப் போனால் முதல் நாளிலேயே நினைவில் வைக்க வேண்டியவை: வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் கெபாசிட்டர் போடக் கூடாது, குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும், மெக்கர் வைப்பதற்கு முன்னால் வி.எஃப்.டி.யைக் கழற்றிவிட வேண்டும்.

சோலார் பம்ப்புக்கு மேலே இருக்கும் கன்ட்ரோலரும் இப்படிப்பட்ட ஒன்றுதான், வெயில் ஏற ஏற வேகத்தைக் கூட்டி, மேகம் மறைத்தால் குறைத்து ஓட்டும். மதுரை ஜங்ஷனில் நிற்கும் டபிள்யு.ஏ.பி.-7 இன்ஜினைப் பாருங்கள்: மேலே கம்பியில் 25,000 வோல்ட், ஒரே பேஸ்; உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இறக்கி, கன்வெர்ட்டர் டி.சி.யாக்கி, இன்வெர்ட்டர் மூன்று பேஸாக்கி, ஆறு இண்டக்‌ஷன் மோட்டார்களுக்குக் கொடுக்கிறது. பிரேக் போடும்போது அந்த ஆறும் ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகின்றன. ஆண்டிபட்டிக் காற்றாலையில் பார்த்தோமே, அதே சூத்திரம்.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு கே.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, எலெக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருஷம். ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்களுக்கு அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு உண்டு, அறிவிப்பு வரும்போது பாருங்கள். சேர்வதற்கு முன்னால் இருக்கும் விடுமுறையில் ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி, ஒரு 1 எச்.பி. மோட்டார், மூன்றையும் பிரித்து, சுருள்களை எண்ணி, ஓம்ஸ் அளந்து, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு உட்கார்ந்தால் டி.சி. ஜெனரேட்டர் பாடம் வரும்போது கம்யூட்டேட்டர் எது, போல் எது என்று படம் பார்த்துத் தேட வேண்டியிருக்காது.